தெற்கிலிருந்து வடக்கே: டெல்லியை அது வளர்ந்த வழியில் பாருங்கள்

தமிழ்நாட்டிலிருந்து டெல்லி சுற்றுலா போகும் குடும்பங்களின் பயணத் திட்டங்களை வாங்கிப் பார்த்தால், தேதியைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கரோல்பாக்கில் அறை. காலையில் வேன் ஏறினால் முதலில் இந்தியா கேட், அங்கிருந்து ராஷ்டிரபதி பவன் வாசல், ராஜ்காட், செங்கோட்டை முன்னால் ஒரு குழுப் படம். பிறகு நகரின் மறுகோடிக்கு ஓடிக் குதுப் மினார், வழியில் தாமரைக் கோயில், மாலையில் அக்ஷர்தாம், இரவில் கடைவீதி. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஆக்ராவுக்குப் புறப்பாடு. சென்னையிலிருந்து சுமார் 2,180 கிலோமீட்டர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் ஏறக்குறைய 33 மணி நேரம். அத்தனை தூரம் போய், இந்த நாட்டின் வரலாறு அதிகமாகத் திரும்பிய ஊரில் ஒரே ஒரு பகல். அந்தப் பகலிலும் பாதி, வேனின் ஜன்னலோரத்தில் போய்விடுகிறது. ஊர் திரும்பியபின் கைப்பேசியில் நூறு படங்கள் இருக்கும். அவற்றில் எது முந்தியது, எது பிந்தியது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

இதற்குக் காரணம் நேரக்குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நான்கு நாள் தங்குபவர்களும் இதே குழப்பத்தோடுதான் திரும்புகிறார்கள். கோளாறு வரிசையில் இருக்கிறது. புகழை வைத்தும், வேன் ஓட்டுநரின் வசதியை வைத்தும் இடங்களைக் கோக்கிறோம். 1931-இல் திறந்த நகரைக் காலை ஒன்பது மணிக்குப் பார்த்துவிட்டு, 1648-இல் கட்டி முடித்த கோட்டைக்குப் பத்தரைக்குப் போய், 1199-ஐ ஒட்டித் தொடங்கிய கோபுரத்தின் அடியில் மதியம் இரண்டு மணிக்கு நின்றால் எந்த மனசும் குழம்பத்தான் செய்யும். டெல்லி ஒரே நகரம் என்ற நினைப்பிலிருந்து முதலில் விடுபட வேண்டும். அது ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்த நகரங்களின் வரிசை. ஏழு என்று மரபாகச் சொல்வார்கள், எண்ணுகிறவரைப் பொறுத்து அது கூடும். அந்த வரிசைக்கு ஒரு திசை உண்டு: தெற்கிலிருந்து வடக்கே. அந்தத் திசைக்கு ஒரு காரணமும் உண்டு: தண்ணீர். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு திட்டமிட்டால், பாதி இடங்களை விட்டுவிட்டாலும் இரண்டு மடங்கு டெல்லி கைக்கு வரும் என்பதே என் வாதம்.

வரைபடத்தை விரித்துக்கொண்டு பாருங்கள். டெல்லியின் தெற்கு ஓரத்தில் ஆரவல்லி மலைத்தொடரின் கடைசிப் பாறை மேடுகள் வந்து முடிகின்றன. கட்டுவதற்குக் கல், காவலுக்கு உயரம் இரண்டும் அங்கே கிடைத்தன. அதனால்தான் 11-ஆம் நூற்றாண்டில் தோமர அரசர்கள் தங்கள் லால் கோட்டையை இன்றைய மெஹ்ரோலியில் கட்டினார்கள். அவர்களுக்குப் பின் வந்த சௌகான்களும், 1192-க்குப் பின் வந்த துருக்கியரும் அதே இடத்திலேயே அமர்ந்தார்கள். ஆனால் யமுனை அங்கிருந்து வெகுதூரம் கிழக்கே ஓடுகிறது. மேட்டில் அமர்ந்த ஊர் மழைநீரை நம்பித்தான் வாழ வேண்டும். நம் பக்கத்தில் ஏரியும் ஊருணியும் இல்லாத பழைய ஊர் இருக்குமா? அங்கேயும் அப்படித்தான். அனங்கபாலன் பெயரில் அனங் தால் என்ற குளம். சுல்தான் இல்துமிஷ் 1230-ஐ ஒட்டி வெட்டிய ஹௌஸ்-இ-ஷம்ஸி ஏரி. அவர் காலத்துக் கந்தக் கி பாவ்லி என்ற படிக்கிணறு. கந்தக் என்பது நம் கந்தகமேதான், தண்ணீரில் கந்தக வாடை இருந்ததால் வந்த பெயர். சற்றுத் தள்ளி, லோதிகள் காலத்தில் 1506-இல் கட்டிய ராஜோன் கி பாவ்லி அடுக்கடுக்காகப் பூமிக்குள் இறங்குகிறது. மினாரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் நாளிலும், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தக் கிணறுகளின் படிகளில் பத்துப் பேரைப் பார்ப்பது அரிது.

ஊர் பெருகப் பெருகத் தண்ணீர்த் தேடலும் பெருகியது. அலாவுதீன் கில்ஜி 1303-இல் சிரி என்ற புது நகரைச் சற்று வடகிழக்கே கட்டியபோது, அதற்கென்று ஒரு பேரேரியை வெட்டினார். இன்று ஹௌஸ் காஸ் என்று எல்லோரும் காபி குடிக்கப் போகும் இடத்தின் பெயரே அந்த ஏரியின் பெயர்தான். ஐம்பது ஆண்டுக்குள் அது மண்மேவிப் போக, பிரோஸ் ஷா துக்ளக் தூர்வாரி, கரையில் ஒரு கல்விச்சாலையும் கட்டினார். தமக்குக் கல்லறையையும் அந்த ஏரிக்கரையிலேயே அமைத்துக்கொண்டார். நடுவில் கியாசுதீன் துக்ளக் 1321-இல் தொடங்கிய துக்ளகாபாத், ஆறரைக் கிலோமீட்டர்ச் சுற்றளவில் யானை முதுகுபோலச் சரிந்த மதில்களோடு எழுந்து, ஒரு தலைமுறைகூட நிலைக்காமல் கைவிடப்பட்டது. அவர் மகன் முகமது பின் துக்ளக் கட்டிய ஜகான்பனாவின் மதிலோடு சேர்த்து சத்புலா என்ற அணை இருக்கிறது. நடுவே ஏழு பெரிய கண்கள், இருபக்கமும் சிறு கண்கள், கதவு இறக்கி ஓடைநீரைத் தேக்கி வயலுக்கு விடுவதற்கான ஏற்பாடு. கால்வாய் மதகைப் பார்த்து வளர்ந்த டெல்டாக்காரருக்கு அங்கே வழிகாட்டியே தேவைப்படாது. கடைசியில் 1354-இல் பிரோஸ் ஷா தலைநகரையே யமுனைக் கரைக்கு இறக்கிவிட்டார். அதற்குப் பின் ஹுமாயூன் கட்டிய தீன்பனா, அதாவது இன்றைய புராணா கிலா, ஷாஜகானின் ஷாஜகானாபாத் எல்லாமே ஆற்றங்கரைதான். மலையிலிருந்து ஆற்றுக்கு வந்துசேர டெல்லிக்கு மூன்று நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்தப் பாதையில் நாமும் நடந்தால் ஒவ்வொரு கட்டடமும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் நாள் முழுவதையும் மெஹ்ரோலிக்குக் கொடுங்கள் என்று சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. குதுப் வளாகத்தில் 72.5 மீட்டர் மினாரை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள், கண் மட்டத்தில் இருக்கும் பெரிய அதிசயத்தைத் தவறவிடுகிறார்கள். அந்த வளாகத்து மசூதியின் தொழுகைக் கூடத்தின் முன்னால் சுமார் 16 மீட்டர் உயரத்தில் ஒரு திரைச்சுவர் நிற்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கட்டியது. அதன் நடு வளைவின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். கற்கள் படுக்கைவாட்டில், ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக முன்தள்ளி, உச்சியில் முட்டிக்கொள்கின்றன. பார்க்க வளைவு, கட்டிய முறையோ நம் கோயில் விமானங்களின் உட்கூட்டை அடுக்கும் அதே முறை. கட்டச் சொன்னவர்கள் மேற்காசியாவின் வளைவைக் கேட்டார்கள். கட்டிய கல்தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் அதைக் கொடுத்தார்கள். அங்கிருந்து பக்கத்துத் தொல்லியல் பூங்காவுக்கு நடந்தால் சுல்தான் பல்பனின் இடிந்த கல்லறை. 1287-இல் இறந்தவர் அவர். அங்கே கற்கள் ஆப்புவடிவில் செதுக்கப்பட்டு, விசிறிபோல விரிந்து, ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இந்திய மண்ணில் எஞ்சியிருக்கும் முதல் உண்மையான வில்வளைவு என்று கட்டடக்கலை வரலாற்றாளர்கள் பொதுவாகக் காட்டுவது இதைத்தான். பிறகு குதுப் வளாகத்துக்கே திரும்பி, 1311-இல் அலாவுதீன் எழுப்பிய அலாய் தர்வாசாவுக்குள் நுழைந்தால், அந்த வளைவு கூச்சமில்லாமல் உயர்ந்து, மேலே குவிமாடத்தையும் சுமக்கிறது. நூறு ஆண்டுகளில் தொழிலாளிகளின் கை கற்றுக்கொண்ட பாடம் நடந்தே பார்க்கக்கூடிய தொலைவில் இருக்கிறது. இந்த மூன்றையும் பார்த்தவர் பிறகு எந்த ஊரில் எந்த வளைவைப் பார்த்தாலும் முதலில் அதன் கல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்ப்பார்.

இந்த இடத்தில் பலர் மனத்தில் எழும் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. கோயில்களை இடித்துக் கட்டியதுதானே அந்த மசூதி, இதை எதற்கு இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்? இடித்தது உண்மை. யாரும் ஊகிக்கத் தேவையில்லை. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாகக் கிழக்கு வாசலில் கல்வெட்டே இருக்கிறது. சுற்று மண்டபத்தின் தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணியும் பூரண கும்பமும் தெளிவாகத் தெரிகின்றன, பல இடங்களில் முகங்கள் சிதைக்கப்பட்டிருக்கின்றன. உயரம் போதாததால் ஒரு தூண்மேல் இன்னொரு தூணை நிறுத்தியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். அவசரமாகப் பார்ப்பவருக்கு இந்த உண்மைகூட முழுதாகக் கிடைப்பதில்லை. நிதானமாகப் பார்ப்பவருக்கு அதற்கு மேலும் கிடைக்கும். 1368-இல் இடி விழுந்து மினாரின் உச்சி சிதைந்தது. அடுத்த ஆண்டு அதைப் பழுதுபார்த்த கைவினைஞர்கள், விஸ்வகர்மாவின் அருளைச் சொல்லி நாகரி எழுத்தில் மினாரிலேயே குறிப்பு வெட்டிவைத்திருக்கிறார்கள். இடித்ததும், அதே மண்ணின் கைகள் அதே கோபுரத்தைத் தங்கள் தெய்வத்தின் பெயர் சொல்லிச் செப்பனிட்டதும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்துவிட்டுத் திரும்புவது அரைப் படிப்பு.

தமிழருக்கு இந்த இடம் தூரத்துக் கதையும் இல்லை. அலாய் தர்வாசா எழுந்த அதே 1311-இல்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படையெடுத்து வந்துவிட்டு டெல்லி திரும்பினார். அந்தப் படையெடுப்பை எழுதிவைத்த அமீர் குஸ்ரு டெல்லியிலேயே அடக்கமாகியிருக்கிறார். சுமார் முப்பது ஆண்டு கழித்து, முகமது பின் துக்ளக்கிடம் டெல்லியில் காஜியாக வேலை பார்த்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, டெல்லியை உதறித் தனியாகிவிட்ட மதுரை சுல்தானின் உறவினராக நம் பக்கமும் வந்து தங்கினார். அந்தக் காலத்துத் தமிழக வரலாற்றின் ஒரு முனை மெஹ்ரோலியில் கட்டப்பட்டிருக்கிறது. வளாகத்து முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு மீட்டருக்கும் சற்று அதிகமான உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. பிராமி எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தது என்பது பெரும்பாலோர் கருத்து. 1,600 ஆண்டுகளாக அது துருப்பிடித்து அழியாமல் நிற்பதை மந்திரம் என்றும் மறந்துபோன ரகசியம் என்றும் சொல்லிவந்தார்கள். இரும்பில் மிகுந்திருந்த பாஸ்பரஸ், மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதே காரணம் என்று விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம். வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், புறப்படுமுன் இதைப் படித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் நடு டெல்லிக்கு நகரலாம். ஹுமாயூன் கல்லறை அந்த நாளின் மையம். அவர் மனைவி ஹாஜி பேகம் எழுப்பியது. 1565-ஐ ஒட்டித் தொடங்கி 1572-இல் முடிந்தது. நாற்கூறாகப் பிரிந்த தோட்டம், நடுவில் உயர்ந்த மேடை, சிவப்புக் கல், அதன்மேல் வெண்பளிங்குக் குவிமாடம். தாஜ்மஹாலைத் தொடங்கியது 1632-இல். அறுபது ஆண்டு முந்திய இந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் தாஜைப் பார்ப்பது, பல்லவி கேட்காமல் சரணத்துக்குப் போவது போன்றது. இதே கல்லறையில்தான் 1857 செப்டம்பரில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ஒரு வம்சத்தின் பெரிய கட்டடக்கலை தொடங்கிய இடத்திலேயே அந்த வம்சத்தின் ஆட்சியும் முடிந்தது. சாலைக்கு மறுபுறம் சூஃபி நிஜாமுதீனின் தர்கா. குஸ்ரு அடக்கமான இடமும் இதுவே. ஒடுங்கிய சந்துகள் வழியே போனால் 1321-ஐ ஒட்டி வெட்டிய படிக்கிணறு, இன்னமும் தண்ணீரோடு. சுல்தான் கியாசுதீன் தன் துக்ளகாபாத் வேலைக்கு ஆட்களையெல்லாம் இழுத்துக்கொண்டதால், அவர்கள் இரவில் வந்து இந்தக் கிணற்றை வெட்டினார்கள் என்றும், விளக்குக்கு எண்ணெய் தர சுல்தான் தடைபோட்டபோது தண்ணீரே எரிந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். தண்ணீர் எரிந்ததோ இல்லையோ, சுல்தானும் சூஃபியும் 1325 என்ற ஒரே ஆண்டில் இறந்தார்கள். சுல்தானின் கோட்டை பாழடைந்துவிட்டது. சூஃபியின் வாசலில் இன்றும் ஜனம் ஓயவில்லை.

ஆற்றுக்கு இறங்கிய முதல் நகரான பிரோசாபாதின் மிச்சம், கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் பிரோஸ் ஷா கோட்லா என்ற பெயரில் இருக்கிறது. சுற்றுலாப் பட்டியல்களில் பெரும்பாலும் இல்லாத இடம். ஆனால் அதன் உச்சியில் நிற்பது அசோகர் தூண். ஹரியானாவின் தோப்ராவிலிருந்து அதைப் பெயர்த்து, பட்டு இலவம் பஞ்சும் நாணலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் கொண்டுவந்ததை அக்காலத்து வரலாற்றாசிரியர் விரிவாகச் சொல்கிறார். பிரோஸ் ஷா எத்தனையோ பேரைக் கூப்பிட்டும் அதன் எழுத்தைப் படிக்க ஆளில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைத் திறந்தபோது அவருக்கு உதவிய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. மாங்குளத்திலும் நம் மற்றக் குன்றுகளிலும் உள்ள தமிழ்ப் பிராமியைப் பிற்பாடு அறிஞர்கள் படித்ததற்கும் அந்தத் திறப்பே அடித்தளம்.

மூன்றாம் நாள் ஷாஜகானாபாத். 1639-இல் தொடங்கி 1648-இல் குடிபுகுந்த நகரம். செங்கோட்டைக்குள் போனவர்கள் பலர், உள்ளே என்ன இருக்கிறது, வெறும் புல்தரையும் நாலைந்து மண்டபமும்தானே என்று ஏமாற்றத்தோடு சொல்வது வழக்கம். அந்தப் புல்தரையே வரலாறு. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, படை வீடுகளைக் கட்டினார்கள். எஞ்சிய மண்டபங்களின் தரையில் ஒரு பளிங்கு வாய்க்கால் அறை அறையாக ஓடுவதைக் குனிந்து பாருங்கள். சொர்க்கத்து ஓடை என்று அதற்குப் பெயர். யமுனையின் மேல்பகுதியிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் இந்த அறைகளின் நடுவில் ஓடியது. அதே கால்வாயின் கிளை, ஷாஜகானின் மகள் ஜகானாரா அமைத்த சாந்தினி சௌக்கின் நடுவிலும் ஓடியது. கடைத்தெருவின் நடுக் குளத்தில் நிலா விழுந்ததால் சாந்தினி என்ற பெயர் வந்தது என்பார்கள். இன்று குளமும் இல்லை, கால்வாயும் இல்லை. தெருவின் மேற்கு முனையில் மிளகாயும் மஞ்சளும் மலைபோல் குவிந்து, நுழைந்தவுடன் தும்மல் வரவைக்கும் மொத்தச் சந்தைக்கு காரி பாவ்லி என்று பெயர். உப்புநீர்ப் படிக்கிணறு என்று பொருள். கிணறு போய்விட்டது, பெயர் மட்டும் மூட்டைகளுக்கு நடுவே பிழைத்திருக்கிறது. மெஹ்ரோலியின் படிக்கிணறுகளை முதல் நாளே பார்த்தவருக்கு அந்தப் பெயர்ப்பலகை ஒன்றே போதும். கோட்டைக்குள் 1945-இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மேல் வழக்கு நடந்ததையும் நினைவில் வையுங்கள். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் திரண்டு சேர்ந்த படை அது. குற்றம் சாட்டப்பட்ட மூவரில் பிரேம் சாகல், பின்னாளில் சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியை மணந்தவர்.

புது டெல்லி கடைசி நாளுக்கு. வேன்காரர் முதலில் காட்டுவதை நான் ஏன் கடைசிக்குத் தள்ளுகிறேன் என்றால், பழையவற்றைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதன் வடிவம் புரியும். 1911 டிசம்பரில் தலைநகரை மாற்றும் அறிவிப்பு, 1931 பிப்ரவரியில் திறப்பு விழா. கட்டடக் கலைஞர்கள் லட்யன்ஸும் பேக்கரும் பழைய நகரங்களுக்கு இடையில் கிடந்த வெளியில் தங்கள் நகரை வைத்தார்கள். ரைசினா மேட்டிலிருந்து நீளும் கர்தவ்ய பாதையின் நேர்கோட்டைக் கிழக்கே நீட்டினால் புராணா கிலா. நாடாளுமன்றத் தெருவின் கோட்டை வடகிழக்கே நீட்டினால் ஜும்மா மசூதி. முன்பு ஆண்டவர்களின் இடங்களை நோக்கித் தங்கள் சாலைகளைத் திருப்பி, இனி நாங்கள் என்று சொன்ன நகரம் அது. அடுத்த பதினாறு ஆண்டில் அந்தச் சொல்லும் முடிந்துபோனது. இதையெல்லாம் முதல் நாள் காலையில் நின்று பார்த்தால் அகலமான சாலை என்பதற்கு மேல் என்ன தோன்றும்? அதே நாளில் தேசிய அருங்காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை வெறும் பத்தரை சென்டிமீட்டர் உயரம், கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டியது. சோழர் காலத்து நடராசரும் அங்கே இருக்கிறார்.

வரலாறு படித்தவர்கள் ஒரு மறுப்பு சொல்லக்கூடும். டெல்லி இப்படி நூல்பிடித்தாற்போல் வடக்கே நகரவில்லை, கைகுபாத் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிலோக்ரியில் ஆற்றோரம் அரண்மனை கட்டினார், முகமது பின் துக்ளக் ஊரையே தௌலதாபாத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார், ஒரு நகரம் பிறந்ததால் முந்தியது இறந்துவிடவில்லை, மெஹ்ரோலியில் எல்லாக் காலத்திலும் மக்கள் இருந்தார்கள் என்பார்கள். எல்லாம் சரி. தண்ணீர் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. படையெடுப்புப் பயமும், தன் பெயரில் ஒரு நகர் வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தன. ஆனால் விதிவிலக்கை விதிவிலக்கு என்று அறிய முதலில் ஒரு விதி கையில் இருக்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே என்ற நூல் அதற்குத்தான்.

வீட்டிலிருந்து வரும் மறுப்புகள் இன்னும் கனமானவை. அப்பாவுக்கு முட்டிவலி, குழந்தை கூட வருகிறது, நான்கு நாளும் நடந்துகொண்டே இருக்க முடியுமா? நகரைக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் வழக்கமான திட்டத்தைவிட இதில் அலைச்சல் குறைவு என்பதே என் பதில். ஒரு நாளுக்கு ஒரே வட்டாரம். மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் குதுப் மினாரிலிருந்து ஹௌஸ் காஸ், மத்திய செயலகம், சாந்தினி சௌக் என்று ஏறக்குறைய நகரம் வளர்ந்த திசையிலேயே போகிறது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு. குதுப் வளாகம் பெரும்பாலும் சமதரை. படிக்கிணற்றில் இறங்க முடியாதவர்கள் விளிம்பில் நின்றே முழு ஆழத்தையும் பார்க்கலாம். ஹுமாயூன் கல்லறையின் மேடைப்படிகள் மட்டும் செங்குத்தானவை, ஏற முடியாதவர்களுக்கு அந்தத் தோட்டமே போதும். சாந்தினி சௌக்கில் பகல் முழுக்க மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருப்பதால் சைக்கிள் ரிக்‌ஷாவில் பயமில்லாமல் போகலாம். தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அவ்வளவு தூரம் போய்த் தாஜ்மஹால் பார்க்காமல் வருவதா என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. ஆக்ரா, டெல்லியிலிருந்து சென்னை திரும்பும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. திரும்பும்போது அங்கே இறங்கி ஓர் இரவு தங்கி, காலை வெயிலுக்கு முன் தாஜைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். டெல்லியின் ஒரு நாளை விற்று ஆக்ராவை வாங்காதீர்கள். வெள்ளிக்கிழமை தாஜ் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காலத்தையும் கிழமையையும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில் டெல்லி 45 டிகிரியைத் தொடும். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் மூடுபனிக் காலம், ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தீபாவளியை ஒட்டி நவம்பரில் காற்று மோசம், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அப்போது போகவே கூடாது. காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையும், பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரையுள்ள வாரங்களும்தான் ஏற்றவை. சுதந்திர தினத்துக்கு முன் சில நாட்கள் செங்கோட்டைக்குள் விட மாட்டார்கள். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் நான்கும் மூடியிருக்கும். அந்தத் திங்களைப் பலர் வீணான நாளாக நினைத்து ஆக்ராவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் குதுப் வளாகமும் மெஹ்ரோலியும் திங்களன்று திறந்திருக்கும். செவ்வாய் ஹுமாயூன், புதன் செங்கோட்டை, வியாழன் புது டெல்லி என்று வைத்துக்கொண்டால், வியாழன் இரவு நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி கேட்கும் வாய்ப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே டிக்கெட் எடுக்கும்போது ஞாயிறு இரவுக்குள் டெல்லி சேரும்படி எடுங்கள். திங்கள் காலை மெட்ரோவில் ஏறி, குதுப் மினார் நிலையத்தில் இறங்குங்கள்.